ஜேபி என்கிற அண்ணன்

(தேனி மாவட்டம் சிலமலையில் இளைஞர்கள் கூட்டிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிரிக்கெட் வீரர் நடராஜனைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பேசுகிறேன். ஆனால் அவரைப் பற்றி உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். அவர் வீசிய யார்க்கர்களை நீங்கள் செல்போனில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள். அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 2020ஆம் ஆண்டு ஐ.பி.எல்.லில் ஹைதராபாத் அணிக்கு அவர் ஆடினாரே, அந்தச் சட்டையின் முதுகில் என்ன எழுதியிருந்தது? 'ஜேபி நட்டு' என்று எழுதியிருந்தது. நட்டு என்பது நடராஜன். ஜேபி என்பது ஜெயப்பிரகாஷ். கோடிக்கணக்கான பேர் பார்க்கிற ஆட்டத்தில், தன் பெயருக்கு முன்னால் இன்னொருவர் பெயரைப் போட்டுக்கொண்டு ஒருவர் பந்து வீசினார். அப்பா பெயரின் முதலெழுத்து அல்ல அது. ஊர்ப் பெயரும் அல்ல. தன் ஊரில் தனக்கு முன்னால் கிரிக்கெட் ஆடிய ஓர் அண்ணனின் பெயர்.

இன்று நான் பேச வந்தது அந்த அண்ணனைப் பற்றித்தான். அவர் இந்தியாவுக்கு ஆடியவர் அல்ல. தொலைக்காட்சியில் அவர் பந்து வீசி யாரும் பார்த்ததில்லை. ஒரு சிற்றூரின் டென்னிஸ் பந்து ஆட்டக்காரர். அவர் செய்த காரியம் எனக்குப் பெரிதாகப்படுகிறது. இந்த மலையடிவாரத்தில் அப்படி ஓர் ஆள் வேண்டும் என்பதால் இன்னும் பெரிதாகப்படுகிறது.

நடராஜனின் சின்னப்பம்பட்டி, சேலம் மாவட்டத்து ஊர். தறிச் சத்தம் கேட்கிற வட்டாரம். நடராஜனின் அப்பா தங்கராசு தறியில் கூலிக்கு வேலை பார்த்தவர். அம்மா சாந்தா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டவர். வீட்டில் ஐந்து பிள்ளைகள், நடராஜன் மூத்தவர், 1991இல் பிறந்தவர். மூத்த பிள்ளை என்றால் நம் ஊர்ப்பக்கம் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிப்பு முடியும் முன்பே சம்பாத்தியத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். சாயங்காலம் மட்டையைத் தூக்கிக்கொண்டு போகிற பையனை வீடு எத்தனை வருஷம் பொறுத்துக்கொள்ளும்?

இருபது வயதுவரைக்கும் நடராஜன் ஆடியது டென்னிஸ் பந்தில் மட்டும்தான். இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள், முறையான பயிற்சி தாமதமாகக் கிடைத்தது என்று. அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த இருபது வருஷத்தில் அவர் வீணாக எதையும் செய்யவில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே இருக்கும் எல்லாரும் அந்தப் பந்தில்தான் ஆடுகிறீர்கள்.

சாதாரண டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இருக்காது. தோல் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். தோல் பந்தில் தையல் இருக்கிறது. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரப்பு என்று வைத்துக் காற்றில் வளைக்கலாம். தையலைத் தரையில் குத்தித் திருப்பலாம். டென்னிஸ் பந்து வீசுகிறவனுக்கு இந்தச் சௌகரியம் எதுவும் கிடையாது. பந்து தரையில் பட்டால் இடுப்புக்கு மேல் மெதுவாக எழும்பும், மட்டைக்காரன் காத்திருந்து தூக்கி அடிப்பான். நீளத்தைக் குறைத்துப் போட்டாலும் அடி, நடுவாகப் போட்டாலும் அடி. எல்லையோ பக்கத்தில், ஆட்டமோ எட்டு ஓவர். அப்புறம் அவனுக்கு மிச்சம் இருக்கிற வழி ஒன்றுதான்: எழும்பவே விடாமல் காலடியில் போடுவது, அதாவது யார்க்கர். கால் விரலுக்கும் மட்டையின் நுனிக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடத்தில் ஆறு பந்தையும் போடுவது. கொஞ்சம் முன்னால் விழுந்தால் புல் டாஸ், கொஞ்சம் பின்னால் விழுந்தால் அரைகுறை எழும்பல், இரண்டும் மைதானத்துக்கு வெளியே போகும். கடைசி ஓவரில், பரிசுப் பணம் மைக்காரர் மேசையில் இருக்கும்போது, பக்கத்து ஊர்க்காரன் கூச்சல் போடும்போது, அந்த இடத்தில் பந்தைப் போட்டுப் பழகியவர் நடராஜன். 2020 நவம்பரில் அபுதாபியில் டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்தாரே ஒரு யார்க்கர், அதைக் கற்றுக்கொடுத்தது எந்த அகாடமியும் அல்ல. பந்தயம் கட்டி ஆடுகிற பெட் மேட்ச்கள்தான் கற்றுக்கொடுத்தன.

இப்படிப் போடுகிற பையன்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? தேனிப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போனால், மைக் சத்தம் கேட்கிற ஒவ்வொரு மைதானத்திலும் ஒருவனைப் பார்க்கலாம். திறமைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாத ஆளுக்குத்தான் பஞ்சம்.

ஜெயப்பிரகாஷ் வீட்டுக்குப் போகவில்லை. அதே ஊரில் ஆடிக்கொண்டிருந்தவர், அணியை நடத்தியவர், தன்னைவிட இளைய ஒரு பையன் இடது கையால் வீசுகிற வேகத்தைப் பார்த்தார். நல்லா வீசுறடா என்று முதுகில் தட்டுவதோடு நிறுத்தவில்லை. தோல் பந்து என்று ஒன்று இருக்கிறது, சென்னையில் லீக் என்று ஒன்று இருக்கிறது, அதற்குப் போக வேண்டும் என்று சொன்னார், சொன்னதோடு கூட்டிக்கொண்டும் போனார். அந்தக் குடும்பத்தால் மகனைச் சென்னையில் வைத்துப் பார்க்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். செலவுக்கும் துணைக்கும் நின்றார். நடராஜன் எந்தப் பேட்டியிலும் இதை மறைத்ததில்லை. தன் கிரிக்கெட் வாழ்க்கைக்கு அவர்தான் காரணம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். சட்டையில் எழுதிக்கொண்டது போதாதென்று உடம்பிலும் பச்சை குத்திக்கொண்டிருக்கிறார்.

சென்னை லீக் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால்தான் அந்தப் பயணத்தின் கடினம் புரியும். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் சென்னையில் டிவிஷன் டிவிஷனாக லீக் நடத்துகிறது. கீழே இருந்து மேலே ஏறி முதல் டிவிஷனுக்கு வந்தால்தான் மாநிலத் தேர்வாளர் கண்ணில் படலாம். நடராஜன் நான்காம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணிக்கு ஆடித் தொடங்கினார். பிறகு படிப்படியாக மேலே போய் ஜாலி ரோவர்ஸ் போன்ற பெரிய அணிக்கு வந்தார். 2015 ஜனவரியில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் வங்காளத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் ஆடினார். ஊரே கொண்டாடியிருக்க வேண்டிய நேரம் அது.

கொண்டாட முடியவில்லை. பந்தை எறிகிறார் என்ற சந்தேகம் எழுந்தது. வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. எடையில்லாத பந்தை வேகமாக அனுப்பக் கையைச் சுண்டிச் சுண்டிப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் வருவதில் வியப்பில்லை என்பது என் எண்ணம். ஏறக்குறைய ஒரு வருஷம் அவர் வெளியே இருந்தார். சங்கத்துப் பயிற்சியாளர்கள் அவருடைய வீச்சைப் பிரித்து, திரும்பக் கட்டினார்கள். இருபத்து நான்கு வயதில், சிறு வயதிலிருந்து கைக்குப் பழகிப்போன ஒன்றை மறந்து, அதே காரியத்தை வேறு மாதிரி செய்யக் கற்றுக்கொள்வது என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உழவு மாட்டை இடம் மாற்றிப் பூட்டுகிற மாதிரி. வலப்பக்கத்து மாடு இடப்பக்கத்தில் நிற்கவே நிற்காது.

இந்த மாதிரிக் காலத்தில்தான் ஊர்ப் பையன்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன், நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். தோற்றதால் திரும்புவது குறைவு. தோற்ற அன்று இரவு பேச ஆள் இல்லாமல் திரும்புவதே அதிகம். நகரத்தில் இருக்கிறவனுக்கு வீட்டில் கிரிக்கெட் தெரிந்த ஒருவராவது இருப்பார். தறிக்கூலி வீட்டிலோ தோட்டக்கூலி வீட்டிலோ முழங்கையைப் பற்றி யாரிடம் பேசுவது? நடராஜனுக்குப் பேச ஒருவர் இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவரில் வரிசையாக யார்க்கர் போட்டார். 2017 ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அந்த ஆண்டு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு பருவங்கள் வெளியே உட்காரவைத்தது. 2020இல் 16 விக்கெட். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியாவுக்குப் போனவர் டிசம்பர் 2இல் கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், 4இல் அதே ஊரில் டி20, 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று மூன்றிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் மூன்று வகையிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். அந்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். அந்த ஆட்டத்தில்தான் காபா மைதானத்தில் இந்தியா ஜெயித்தது. ஊர் திரும்பியபோது குதிரை பூட்டிய ரதத்தில் ஏற்றி அழைத்துப் போனார்கள்.

ரதத்தோடு கதையை முடிப்பவர்கள் உண்டு. எனக்கு ரதத்துக்கு முன்னால் நடந்த ஒன்று முக்கியம். ஐ.பி.எல். பணம் கைக்கு வந்ததும், இந்தியாவுக்கு ஆடுவோம் என்ற அடையாளமே தெரியாத காலத்தில், நடராஜன் தன் ஊரில் பிள்ளைகளுக்காகக் கிரிக்கெட் அகாடமி தொடங்கினார். அதைப் பார்த்துக்கொள்ள ஜெயப்பிரகாஷ் ஊரில் இருந்தார். இது சாதாரணமாகச் சொல்லிப் போகிற விஷயம் அல்ல. தான் வளர்த்த பையன் கோடியில் ஏலம் போன பிறகு, அவனோடு ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவது எளிது. அடுத்த பையனைத் தேடிப் புழுதியில் நிற்பது கடினம். அவர் இரண்டாவதைச் செய்தார்.

அதற்குப் பலன் கிடைத்தது. பெரியசாமி என்று ஒரு பையன். இலங்கை வீரர் மலிங்காவைப் போலக் கையைப் பக்கவாட்டில் சுழற்றி வீசுவார். ஒரு கண்ணில் பார்வைக் குறை. அப்படி ஒரு பையன் தேர்வுக்கு வந்து நின்றால் பெரும்பாலான இடங்களில் என்ன சொல்வார்கள்? இவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கம் அணிக்காகப் பெரியசாமி 15 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். கையில் இருந்தது சின்ன ஸ்கோர். அதை வைத்துக்கொண்டு திண்டுக்கல்லை 12 ரன்னில் தோற்கடித்தார்கள். அந்த ஆட்டத்தின் நாயகனும் தொடரின் நாயகனும் அவரே. நடராஜன் ஒருவரோடு நின்றிருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். அதே புழுதியிலிருந்து இரண்டாவது ஆள் வந்தபோது, அங்கே ஒரு வேலை நடக்கிறது என்று புரிந்தது.

2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் நடராஜன் கிரிக்கெட் மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். நடுவில் நான்கு ஆடுகளம், பயிற்சிக்குத் தனியாக ஆடுகளம், உடற்பயிற்சிக் கூடம், உட்கார்ந்து பார்க்கச் சின்ன அரங்கு. ஒரு தறி ஊரில் இதெல்லாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கிராமத்திலிருந்து ஒருவரைத் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும் என்பது இன்றைய கதை மட்டும் அல்ல. ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் யார் தெரியுமா? எம்.ஜே. கோபாலன். செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்துக்காரர். 1934 நவம்பர் 4ஆம் தேதி, சேப்பாக்கத்தில், மைசூருக்கு எதிராக மெட்ராஸ் அணிக்காக அந்தப் பந்தை வீசினார். அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது, ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி அணிக்குப் போவதா, இங்கிலாந்து போகும் கிரிக்கெட் அணிக்குப் போவதா என்ற நிலை வந்தது, கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கம் வென்றது. இங்கிலாந்தில் இவருக்கு ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை. வாழ்நாளில் அவர் ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், அதற்கு முன்பு கல்கத்தாவில் ஆடியது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கோபாலனைக் கண்டுபிடித்தவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், மெட்ராஸ் கிரிக்கெட்டின் பெரிய மனிதர். அவர் கோபாலனுக்கு பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை வாங்கிக்கொடுத்தார். வேலை இருந்ததால்தான் கோபாலன் ஆடினார். மெட்ராஸ் கிரிக்கெட் வெகுகாலம் இப்படித்தான் நடந்தது: நிறுவனம் வேலை கொடுக்கும், ஆட்டக்காரர் நிறுவனத்துக்கு ஆடுவார். அந்த ஏற்பாட்டின் எல்லை சென்னை. தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றது இரண்டே முறை, 1954-55இல் பாலு அழகணன் தலைமையில், 1987-88இல் வாசுதேவன் தலைமையில். இரண்டும் பெருமைக்குரிய வெற்றிகள். ஆனால் அந்தக் காலம் முழுவதும் சேலத்துத் தறி ஊரிலும் போடி அடிவாரத்திலும் இருந்த பையனுக்கு அந்த வாசலே தெரியாது. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் வந்து நத்தத்திலும் திருநெல்வேலியிலும் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் நடந்த பிறகுதான், தென்மாவட்டத்துப் பிள்ளைகள் பெரிய கிரிக்கெட்டைக் கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஜான்ஸ்டனிடம் கொடுக்க ஒரு வேலை இருந்தது, செல்வாக்கு இருந்தது. ஜெயப்பிரகாஷிடம் அது எதுவும் இல்லை. தன் நேரமும், தெரிந்த நான்கு பேரின் பழக்கமும், விடாமல் நிற்கிற குணமும்தான் இருந்தன. அதனால்தான் சிலமலையில் நின்று ஜான்ஸ்டனைப் பார்ப்பதைவிட ஜெயப்பிரகாஷைப் பார்க்கச் சொல்கிறேன். அவரைப் போல் ஆக நமக்குக் கம்பெனி தேவையில்லை.

இனி நம் ஊர்ப் பேச்சு.

மேற்கே பாருங்கள், மலை. விடியுமுன் ஜீப்கள் போடிமெட்டு ஏறிவிடுகின்றன, பதினேழு கொண்டை ஊசி வளைவும் தாண்டி, அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்து வேலைக்கு. அக்காமார், அம்மாமார், பள்ளிக்கூடம் முடித்த தம்பிகள், எல்லாரும் அதில் போகிறார்கள். சாயங்காலம் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புகிறார்கள். வாரம் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கி, மூட்டை சுமந்து பழகிய உடம்பு அது. அந்தத் தோளும் அந்தக் காலும் வேகப்பந்துக்குக் கேட்டாலும் கிடைக்காதவை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவர்களுக்கு ஆட்ட நாள். எனவே எந்தப் பயிற்சித் திட்டம் போட்டாலும் ஞாயிற்றை மையமாக வைத்துத்தான் போட வேண்டும்.

தொண்டு செய்ய நம் பக்கத்து மக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில் தீப்பிடித்து, மலையேற வந்த பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொண்டார்களே, அன்று முதலில் ஏறியது யார்? குரங்கணி ஊர்க்காரர்களும் தோட்டத்து ஆட்களும்தான். பாதையே இல்லாத சரிவில், இருட்டில், வெந்த உடம்புகளைப் போர்வையில் கட்டிச் சுமந்து இறக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பிழைத்த சிலர் பிழைத்ததற்கு அந்த ஆட்களின் தோள் காரணம். ஆபத்து என்றால் ஓடிப் போகிற மனசு இங்கே இருக்கிறது. நான் கேட்பது வேறு வகை மனசு: ஆபத்து எதுவும் இல்லாத நாளில், யாரும் பாராட்டாத வேலைக்கு, வாராவாரம் வருவது. ஜெயப்பிரகாஷ் செய்தது அதுதான்.

அந்த வேலை என்னென்ன என்று சொல்கிறேன்.

மாநிலச் சங்கத்தின் கீழ் மாவட்டச் சங்கங்கள் இருக்கின்றன, தேனிக்கும் இருக்கிறது. 14, 16, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று தேர்வு நடக்கும். அந்த அறிவிப்பு சிலமலைக்கு வந்து சேருவதில்லை. சேர்ந்தாலும் பையன் பார்க்கும்போது தேதி முடிந்திருக்கும். அதை ஒருவர் கவனிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பெயரில் ஓர் எழுத்து பள்ளிச் சான்றிதழோடு மாறியிருந்தாலும் அலைய வேண்டும். 16 வயதுப் பிரிவில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியை வைத்து வயது பார்க்கும் சோதனையும் உண்டு; வயதைக் குறைத்துச் சொல்லிப் பிள்ளையை அனுப்பிவிடலாம் என்று எந்தப் பெற்றோரும் நினைக்கக் கூடாது. இந்தக் காகித வேலையில்தான் கிராமத்துப் பையன்களில் பாதிப் பேர் நின்றுபோகிறார்கள், பந்து கையில் எடுக்கும் முன்பே.

அடுத்தது தோல் பந்து. பதினான்கு வயதுக்குள் அது கைக்கு வந்துவிட வேண்டும். நடராஜனுக்கு இருபதில் வந்தது, அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்று சொன்னேன். டென்னிஸ் பந்தை விட்டுவிடச் சொல்லவில்லை, அதுதான் நம் பள்ளிக்கூடம். ஆனால் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் தோல் பந்து. அதற்குக் கால்காப்பு, கையுறை, தலைக்கவசம் வேண்டும், ஆளுக்கு ஒன்று வேண்டாம், அணிக்கு ஒரு கிட் போதும். தலைக்கவசம் இல்லாமல் ஒரு பந்துகூட வீசக் கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆடுகளத்துக்குப் புல் தரை வேண்டியதில்லை. 22 கஜ நீளத்துக்குத் தரையை இறுக்கி, மேலே கயிற்றுப் பாயை விரித்து ஆணி அடித்தால் பந்து ஒழுங்காக எழும்பும்.

இந்த இடத்தில் போடி வியாபாரிகளுக்கும் எஸ்டேட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர் போடி. அங்கே கிடைக்கிற பணத்தில் ஒரு துளி நம் பக்கத்து டோர்னமென்டுகளுக்கு வருகிறது. ஆள் உயரக் கோப்பை, முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சில இடத்தில் கிடா. நன்றியோடு சொல்கிறேன், அந்த ஆட்டங்கள் இல்லாவிட்டால் பிள்ளைகள் ஆடவே மாட்டார்கள். ஆனால் ஒரே ஒரு வருஷம், ஒரே ஒரு கோப்பையின் பணத்தில் ஒரு பாய் வாங்கிக் கொடுங்கள். கோப்பை ஜெயித்தவர் வீட்டு அலமாரிக்குப் போய்விடும். பாயில் தோற்றவர்களும் ஆடுவார்கள்.

கடைசியாக ஒன்று, இதை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இவ்வளவு நேரம் தம்பி தம்பி என்று பேசிக்கொண்டிருந்தேன். இந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். மதுரைப் பெண் கமலினியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2024 டிசம்பரில் மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 1 கோடியே 60 லட்சத்துக்கு மும்பை அணி எடுத்தது. அப்போது அவருக்கு வயது 16. 2025 பிப்ரவரியில் கோலாலம்பூரில் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது அந்த அணியில் இருந்தார். அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56 எடுத்தார். மதுரைக்கும் நமக்கும் எவ்வளவு தூரம்? போடியில் ரயில் ஏறினால் போய்விடலாம்.

பெண்பிள்ளைகள் ஆட வேண்டுமானால் மைதானம் மட்டும் போதாது. கூட வர ஓர் அக்கா வேண்டும். கழிப்பறை வேண்டும். இருட்டுவதற்குள் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அம்மாக்கள் நம்புகிற ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். சின்னப்பம்பட்டி அண்ணன் செய்ததைவிட இது கூடுதல் வேலை. ஏலத்தோட்டத்துக்குப் போகாமல் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிற ஆசிரியைகள், கல்லூரி முடித்த பெண்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களில் இருவர் முன்வந்தால் இந்த வருஷமே ஒரு பெண்கள் அணி ஆடத் தொடங்கிவிடும்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தேர்வு அறிவிப்பைக் கவனிக்க ஒருவர், சான்றிதழ் வேலைக்கு ஒருவர், கிட்டுக்குப் பொறுப்பாக ஒருவர், பெண்பிள்ளைகளுக்கு இருவர் என்று தலைப்புப் போட்டிருக்கிறது. நன்கொடைக்குத் தனிப் பக்கம். பெயர் எழுதுகிறவர்கள் வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்துவிடுங்கள், தரையை இறுக்குகிற வேலை இருக்கிறது; மண்வெட்டி வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். அதற்கடுத்த ஞாயிறும் வர முடியும் என்றால் மட்டும் பெயர் எழுதுங்கள்.